பள்ளிக்கு வராத பிள்ளையும் நமது சங்கமும்

(கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் வருஷாந்தரப் பொது மகாசபையில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்.)

  

வரவு செலவுக் கணக்கும் தவணை தவறிய பாக்கி ஜாபிதாவும் வாசித்து முடிந்தபின் இலாகாவைச் சேர்ந்தவன் ஒருவன் பேச எழுந்தால், அவன் மறுபடியும் பாக்கி வசூலைப் பற்றியே பேசுவான் என்று நீங்கள் எண்ணுவது இயல்புதான். நான் பேச வந்ததும் ஒருவிதத்தில் பாக்கியைப் பற்றியதே. ஆனால் அது நமது பேரேட்டில் ஏறாத பாக்கி. பள்ளிக்கூடத்து ஹாஜர் பட்டியில் பெயர் இருந்தும், வகுப்பில் ஆள் இல்லாத பிள்ளைகளைக் குறித்தே இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

"சங்கம் கடன் கொடுக்கவும் வசூலிக்கவும் ஏற்பட்டது, பள்ளிக்கூட விஷயம் உபாத்தியாயர் பாடு, அதில் நமக்கென்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். தன் பாஸ் புஸ்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்கத் தெரியாத அங்கத்தினர், காரியதரிசி சொல்வதையே வேதவாக்காக நம்ப வேண்டியவராகிறார். கைநாட்டு மிகுந்த சங்கத்தில் கணக்குச் சரியாயிருந்தால், அது காரியதரிசியின் யோக்கியதையைக் காட்டுமேயன்றி அங்கத்தினர்களின் விழிப்பைக் காட்டாது. இன்று பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைதான் இன்னும் பத்து வருஷத்தில் இந்த மகாசபையில் வந்து உட்காரப் போகிறவன் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கூட்டுறவின் முன்னோர்கள் இதை நன்றாய் உணர்ந்திருந்தார்கள். 1844-ம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர் முதலான 28 பேர் கூடி ஒரு சிறு பண்டகசாலை திறந்தார்கள். மாவும் வெண்ணெயும் விற்ற அந்தக் கடைக்காரர்கள், சில வருஷங்களுக்குள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கி, வாசகசாலையும் புஸ்தகசாலையும் நடத்தினார்கள். நமது பக்கத்தில் 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தவுடன், திருவள்ளூருக்கு அடுத்த திரூரில் விவசாயிகளின் முதல் சங்கம் ஏற்பட்டது. அன்று முதல் சங்கத்தின் விதி ஒன்றே: பங்கு அதிகம் உள்ளவருக்கும் ஒரு ஓட்டு, ஒரே பங்கு உள்ளவருக்கும் ஒரு ஓட்டு. அந்தச் சமத்துவம் மகாசபைப் பந்தலோடு நின்றுவிடலாமா, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு வரைக்கும் போக வேண்டாமா என்பதே இன்று நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

பிள்ளைகள் பள்ளிக்கு வருவதற்கு இருந்த தடைகளில் பெரியவை பலவற்றைச் சர்க்கார் நீக்கியிருக்கிறது. பசி ஒரு தடையாயிருந்தது. 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கில் நகரசபைப் பள்ளியொன்றில் பகல் உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். 1956-ல் காமராஜர் முதன் மந்திரியாயிருந்த காலத்தில் மதிய உணவுத் திட்டம் கிராமங்களுக்கும் வந்தது. 1982-ம் வருஷம் ஜூலை மாதம் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் ஆரம்பமாயிற்று. உடை ஒரு தடையாயிருந்தது. இன்று அந்தச் சீருடைகளைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்களே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தினால், 6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி பெறுவது உரிமையாகிவிட்டது.

இவ்வளவும் இருந்தும் சில பிள்ளைகள் ஏன் வருவதில்லை? சோம்பேறித்தனம் என்றும், படிப்பு ஏறவில்லை என்றும் நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். உண்மை என்ன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம்.

பத்து வயதுப் பையன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடவு காலத்தில் தாயும் தகப்பனும் வயலுக்குப் போகிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள அவன் நிற்கிறான். இரண்டு நாள் என்று ஆரம்பித்தது பன்னிரண்டு நாளாகிறது. பதின்மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். அவன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். கணக்கில் வகுத்தல் முடிந்து பின்னம் வந்துவிட்டது. "துரை வந்துட்டாரு!" என்று ஒருவன் சொல்ல, வகுப்பு முழுதும் சிரிக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் உபாத்தியாயர் காரணம் கேட்கிறார். தொட்டில் ஆட்டினேன் என்றால் இன்னும் சிரிப்பார்களே என்று அவன் வாய் திறவாமல் நிற்கிறான். விளையாட்டு நேரத்தில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது இரு கட்சியாரும் அவனைக் கூப்பிடவில்லை. பதினான்காம் நாள் வயிற்றுவலி என்கிறான். பதினைந்தாம் நாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

முதல் பன்னிரண்டு நாள் அவனை நிறுத்தியது ஏழ்மை. பதினான்காம் நாள் முதல் நிறுத்தியது வெட்கம். ஏழ்மைக்கு நாம் மருந்து தேடுகிறோம். வெட்கத்தைப் பற்றியோ ஒருவரும் பேசுவதில்லை. வயிற்றுக்குச் சோறு கிடைக்கும் இடமானாலும், தன்னை ஒருவனாக மதியாத கூட்டத்தில் போய் உட்காரப் பெரியவர்களுக்கே மனம் வராது. பிள்ளைக்கு எப்படி வரும்?

இது புதிதாய் முளைத்த சங்கடம் அன்று. தாழ்த்தப்பட்ட மக்களின் உரிமைக்காகச் சட்டசபையிலும் லண்டன் வட்டமேஜை மகாநாட்டிலும் வாதாடிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1939-ல் வெளிவந்த தமது "ஜீவிய சரித்திர சுருக்கம்" என்னும் நூலில் தாம் கோயமுத்தூரில் வாசித்த நாட்களைக் குறிப்பிட்டிருக்கிறார். சக மாணாக்கரோடு சிநேகம் செய்தால் தம் ஜாதியையும் வீட்டையும் அறிந்து இழிவாய் நடத்துவார்களே என்ற அச்சத்தினால், பள்ளிக்கு வெளியே தனித்திருந்து வாசித்து, மணி அடித்தபின்பே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்புக் கலைந்ததும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீடு போய்விடுவாராம். கூடி விளையாட முடியாத அந்தக் கொடுமையை எண்ணி மனம் கலங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் அசாதாரணமான மனவுறுதி படைத்தவர். அவ்வளவையும் தாங்கிப் படித்து முன்னேறினார். தாங்க முடியாமல் பாதியில் நின்றவர்கள் சரித்திரம் எழுதவில்லை. அவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஹாஜர் பட்டியைப் பார்த்தும் நாம் அறிய முடியாது.

அந்தக் காலம் போய்விட்டது என்று நிம்மதி கொள்வதற்கும் இடமில்லை. 2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் நின்ற ஒரு மாணவன், காரணம் கேட்டபோது உண்மையைச் சொன்னான். அன்றிரவே அவனும் அவன் தங்கையும் தங்கள் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியதாகப் பிடிபட்டவர்களும் பள்ளிப் பிள்ளைகளே. இதன்பின் ஏற்படுத்தப்பட்ட ஒரு நபர் குழுவில், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்கள் விசாரித்து, 2024 ஜூன் மாதம் சர்க்காருக்கு அறிக்கை கொடுத்தார். ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகளை மாணாக்கர் கையில் கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன யோசனைகளில் ஒன்று. அந்தக் கயிறு பள்ளிக்கூடத்தில் திரிக்கப்படுவதில்லை. வீட்டிலும் தெருவிலும் கோயில் திருவிழாவிலும் பெரியவர்கள் பார்த்திருக்கவே பிள்ளையின் கையில் ஏறுகிறது.

ஆகையால் சர்க்கார் சோறு போடலாம், துணி கொடுக்கலாம், சட்டம் இயற்றலாம். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் மனத்தை மாற்றுவது கிராமத்தாராகிய நமது கையில்தான் இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில், நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வி இலாகாவின் தலைவராயிருந்தபோது, ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் நடந்தன. கிராமத்தார் தாமே பெஞ்சும் கரும்பலகையும் துணிமணியும் கொடுத்துப் பள்ளிகளைத் தங்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். அந்த மனப்பான்மையே இப்போதும் வேண்டும். நமது சங்கம் செய்யக்கூடிய சில காரியங்களை வரிசையாய்ச் சொல்கிறேன்.

முதலாவது, மூன்றாம் நாள் விசாரணை. தவணை தவறிய ஒரு மாதத்திலேயே போய்க் கேட்டால் கடன் வசூலாகும். மூன்று வருஷம் விட்டுவைத்தால் ஆளும் அகப்படான், ஜாமீனும் அகப்படான். பிள்ளையின் விஷயமும் அப்படியே. தெருவுக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக அங்கத்தினர் இருவரை நியமியுங்கள். ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் தலைமை உபாத்தியாயர் அவர்களிடம் சொல்லட்டும். அவர்கள் அதிகாரியைப் போல் மிரட்டாமல், உறவினரைப் போல் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். சங்கம் நடத்தும் நியாய விலைக் கடையிலேயே இதை ஆரம்பிக்கலாம். பள்ளி நேரத்தில் புஸ்தகப் பைக்குப் பதிலாக அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் ஒரு பிள்ளை நின்றால், விற்பனையாளர் முதலில் அதற்குச் சாமானை அளந்து அனுப்பிவிட்டு, மாலையில் வீட்டாரிடம் காரணம் கேட்கட்டும்.

இரண்டாவது, திரும்பி வரும் முதல் நாள். நான் சொன்ன பையனை இழந்தது அந்த ஒரு நாளில்தான். ஆகவே அந்த நாளுக்கு முன்னேற்பாடு வேண்டும். காலையில் அதே தெருப் பிள்ளைகள் இருவர் அவன் வீட்டு வாசலில் போய்க் கூப்பிடட்டும். காரணத்தை உபாத்தியாயர் தனியாய்க் கேட்டுக்கொள்ளட்டும். விட்டுப்போன பாடத்தை எழுதிக்கொள்ள ஒரு பிள்ளை தன் நோட்டைக் கொடுக்கட்டும். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை, செலவும் இல்லை. இரண்டு வருஷம் நின்றுவிட்ட பிள்ளையானாலும், சின்னஞ்சிறு குழந்தைகளோடு உட்கார வேண்டுமே என்று வெட்கப்படத் தேவையில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியே கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது. இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது உங்கள் கடமை.

மூன்றாவது, முன்பணம். தைப் பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் போவது பெரும்பாலும் ஏற்கனவே வாங்கிச் செலவழித்த முன்பணத்துக்காக. மருத்துவத்துக்கும் கல்யாணத்துக்கும் அவசரமாய்த் தேவைப்பட்ட தொகைக்குப் பதிலாகக் குடும்பம் முழுதும் போகிறது. பிள்ளையின் அரை வருஷப் படிப்பும் அதோடு போகிறது. கடன் கொடுப்பதே நமது தொழில் அல்லவா? அந்தச் சமயத்தில் நகைக் கடனோ, சுய உதவிக் குழுக் கடனோ உரிய காலத்தில் கிடைத்தால் தரகரின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. கடன் மனுவைப் பரிசீலிக்கும் கமிட்டியார், அந்த வீட்டில் பள்ளிப் பிள்ளை உண்டா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். போயே தீர வேண்டிய குடும்பமானால், சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

நான்காவது, உதவி செய்யும் விதம். பல சங்கங்களின் துணைவிதிகளில் பொது நன்மை நிதி என்று ஒன்று உண்டு. உங்கள் விதிகள் எவ்வளவுக்கு இடங்கொடுக்கின்றன என்பதைக் காரியதரிசி பார்த்துச் சொல்லட்டும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஏழைப் பிள்ளைகளை மேடையேற்றி, நோட்டுப் புஸ்தகம் கொடுத்து, படம் பிடித்து அனுப்பினால், கொடுத்தது இரண்டு நோட்டு, எடுத்துக்கொண்டது பிள்ளையின் மானம் என்றாகிவிடும். மறுநாள் வகுப்பில் அவனுக்கு அதுவே பட்டப்பெயர். தலைமை உபாத்தியாயர் மூலமாய், மற்றப் பிள்ளைகள் அறியாதபடி கொடுங்கள்; இல்லாவிட்டால் வகுப்பு முழுவதற்கும் ஒன்றுபோல் கொடுங்கள்.

ஐந்தாவது, கூடிச் செய்யும் வேலை. "அவனோடு சேர்ந்து விளையாடு" என்று உத்தரவிட்டால் எந்தப் பிள்ளையும் கேட்காது. இருவரும் சேர்ந்தாலொழிய முடியாத ஒரு வேலையைக் கொடுத்தால் சிநேகம் தானே வரும். பள்ளியில் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை வைக்கலாம். பென்சில், நோட்டு, அழிப்பான் விற்கும் ஒரு பெட்டிக்கடை போதும். பிள்ளைகளே பங்கு சேர்த்து, பிள்ளைகளே தேர்தல் நடத்தி, சரக்கு வாங்க ஒருவர், விற்க ஒருவர், கணக்கெழுத ஒருவர் என்று பிரித்துக்கொள்ளட்டும். ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு அதில் ஒரு பொறுப்புக் கிடைக்கும்படி உபாத்தியாயர் பார்த்துக்கொள்ளலாம். சாவி கையில் உள்ளவனைத் தேடி எல்லோரும் வருவார்கள்! ஆனால் பெருக்குவதும் தண்ணீர் சுமப்பதும் சில பிள்ளைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்படும் பழக்கம் எங்கேனும் இருந்தால், அதை அன்றே நிறுத்த வேண்டும். அது பொறுப்பல்ல, அவமதிப்பு.

ஆறாவது, பெண் பிள்ளைகள். பெண் ருதுவானவுடன் சடங்குக்கென்று நிறுத்தி, பின் அனுப்பாமலே விடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வழி தூரம், வழியில் கேலி, பள்ளியில் தகுந்த கழிப்பிடம் இல்லாமை ஆகியவற்றைக் காரணமாகச் சொல்வார்கள். அவை பொய்க் காரணங்கள் அல்ல. கழிப்பிடத்தைப் பற்றிச் சங்கத்தின் பெயரால் பஞ்சாயத்துக்கு எழுதுங்கள்; பிள்ளைகளைக் கூட்டமாய்ப் போய்வரச் செய்யுங்கள்; கேலி செய்பவன் எந்த வீட்டுப் பையனானாலும் அந்த வீட்டுப் பெரியவரிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பதையும் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டும். இவ்விடத்தில் இன்னொரு சொல்: பலகை தெரியாமல் தப்பாய் எழுதும் பிள்ளைக்கும், காது மந்தமாகிக் கேட்டதையே கேட்கும் பிள்ளைக்கும் "மண்டு" என்று பெயர் வைப்பதற்கு முன், வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, நமது நாக்கு. பிள்ளைகள் பிறந்தவுடன் யார் உயர்ந்தவன், யார் தாழ்ந்தவன் என்று அறிவதில்லை. திண்ணையில் நாம் பேசுவதைத்தான் அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறார்கள். ஒருவரின் ஜாதியையோ, தொழிலையோ, உடல் ஊனத்தையோ சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தை நாம் விட்டால், வகுப்பறையில் பாதிப் பட்டப்பெயர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். ஒரே மகாசபையில் சரிசமமாய் உட்கார்ந்து ஓட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் "அவன் பிள்ளையோடு சேராதே" என்று சொல்பவர், பங்குத் தொகை கட்டியிருந்தாலும் கூட்டுறவாளர் ஆகமாட்டார்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்துவிட முடியாது என்பதை அறிவேன். முதற்படியாக இன்றைய மகாசபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். தெருவுக்கு இருவரை இன்றே தெரிந்தெடுங்கள். இனிமேல் கமிட்டி கூடும்போதெல்லாம், கடன் மனுக்களை எடுப்பதற்கு முன்பாக, அந்த மாதத்தில் பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று வாசிக்கச் செய்யுங்கள். பெயர்களை வாசிக்க வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டு வருமானால், நமது சங்கத்தின் ஆஸ்தி வளர்கிறது என்று நான் மனமார எழுதிக்கொடுப்பேன்.